பிரட்காரரின் நம்பர்

அந்த ஆள் ஒரு பெண்ணாக இருந்திருந்தால் ஊசிக்குச் சண்டை போட வசதியாக இருந்திருக்கும். கத்தலாம், அழலாம், பெட்டியைத் தூக்கிக்கொண்டு அக்கா வீட்டுக்குக் கிளம்பலாம். கேட்கிறவர்களும் அவள் பக்கம் நின்றிருப்பார்கள். ஆனால் அவள் புருஷனை அவளிடமிருந்து பிரித்துக்கொண்டு போனவர் ஐம்பத்தைந்து வயதுத் தொப்பைக்காரர். முன்னாள் ராணுவச் சமையல்காரர். இப்போது வேனில் கடை கடையாக பிரட் போடுகிறவர். அந்த ஆள் மேல் பொறாமை என்று யாரிடம் போய்ச் சொல்வது?

ஊசி என்பது அவளுக்கு ராணுவக் குடியிருப்பில் வைத்த பெயர். முகாமின் சீருடைக் கடையில் தையல் வேலை. புதிதாகச் சேர்ந்தவர்களின் கால்சட்டையைப் பிடித்துத் தைப்பது, பதவி உயர்ந்தவர்களுக்குத் தோள்பட்டையை மாற்றுவது, காஜா எடுப்பது, கிழிந்ததை ஒட்டுப் போடுவது. கையில் இருந்த ஊசி வாயிலும் இருந்ததால் பெயர் நிலைத்துவிட்டது. புருஷனுக்கு ஸ்பானர் என்று பெயர். கனரக வண்டிகளின் மெக்கானிக். இரண்டு பேரையும் சேர்த்து ஊசி, ஸ்பானர் என்று கூப்பிட்டு ஊரே சிரித்த காலம் ஒன்று இருந்தது.

நாலு வருஷத்துக்கு முன்னால் வேலையிடத்தில் ஒரு விபத்து. ஸ்பானருக்கு முதுகெலும்பில் அடி. வலிக்கு மாத்திரை கொடுத்தார்கள். ஒரு நாளைக்கு இரண்டு என்று எழுதிக் கொடுத்தது நாலானது, எட்டானது. முதுகு ஆறிய பிறகும் மாத்திரை நிற்கவில்லை. டாக்டர் எழுத மறுத்தபோது வேறு இடத்தில் வாங்கினார்.

அந்த நாலு வருஷமும் அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும். ஷூவுக்குள், அரிசி டப்பாவுக்குள், மகளின் பழைய பென்சில் பெட்டிக்குள் இருந்தெல்லாம் மாத்திரை அட்டைகளைக் கண்டெடுத்துக் கழிப்பறையில் கொட்டினாள். அவர் எழுந்திருக்க முடியாத காலைகளில் அவருடைய மேலதிகாரிக்கு அவளே போன் செய்து, "ராத்திரி பூரா காய்ச்சல் சார், நெருப்பா கொதிக்குது" என்று கூசாமல் பொய் சொன்னாள். குளியலறைக் கதவுக்கு வெளியே முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து, உள்ளே மூச்சுச் சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள். மகளிடம் அப்பாவுக்குத் தலைவலி என்றாள். மாமியாரிடம் வேலை அதிகம் என்றாள். கெஞ்சினாள், மிரட்டினாள், மகள் தலையில் கைவைத்துச் சத்தியம் வாங்கினாள். ஒன்றும் வேலைக்கு ஆகவில்லை.

கடைசியில் பட்டாளத்தில் நடந்த சிறுநீர்ச் சோதனையில் அவரே மாட்டிக்கொண்டார். வேலையை எடுக்கவில்லை. எட்டு வாரம் சிகிச்சைக்கு அனுப்பினார்கள். திரும்பி வந்தபோது மெலிந்திருந்தார். ஆனால் கண்ணில் பழைய வெளிச்சம் கொஞ்சம் இருந்தது. கூடவே, சட்டைப்பையில் போன் நம்பர் எழுதிய ஒரு சீட்டும் இருந்தது. சிகிச்சை முடிந்தவர்களுக்குத் துணையாக, அதே குழியில் விழுந்து எழுந்த ஒருவரைச் சேர்த்துவிடுவார்களாம். அந்தத் துணைதான் பிரட்காரர்.

"பதினோரு வருஷமாச்சு அண்ணன் விட்டு," என்றார் ஸ்பானர், ஏதோ சொந்த அண்ணன் பட்டம் வாங்கியதுபோல. சீட்டைக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டினார். "நான் இல்லாதப்போ ஏதாவதுன்னா நீயும் பேசலாம்."

"எனக்கென்ன வந்துச்சு அவர்கிட்ட பேச?" என்றாள் ஊசி.

தினமும் காலை ஆறேகாலுக்கு பிரட்காரர் கூப்பிடுவார். முதல் சுற்று பிரட் இறக்கி முடித்த நேரம் அது. ஸ்பானர் காபி டம்ளரோடு பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். இருபது நிமிஷம். சில நாள் அரை மணி. முதல் வாரத்தில் அவருக்கு ஒரு துணை கிடைத்ததில் ஊசிக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது. இரண்டாவது வாரம் பால்கனியிலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. கையில் இருந்த கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டாள். அந்தச் சிரிப்பை அவள் கேட்டு நாலு வருஷம் ஆகியிருந்தது. அவளை வைத்து வராத சிரிப்பு, எவனோ ஒரு பிரட் விற்கிறவனை வைத்து வருகிறது.

அன்றிலிருந்து பிடித்தது சனி. அவர் உள்ளே வந்ததும், "என்ன பேசினீங்க?" என்பாள்.

"சும்மாதான்."

"சும்மாவா அரை மணி நேரம்?"

"அதெல்லாம் சொன்னா உனக்குப் புரியாது."

அந்த ஒரு வார்த்தையோடுதான் வேலைக்குப் போனாள். தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்தால் அதே நினைப்பு. நாலு வருஷம் நான் நாயாக அலைந்து செய்ய முடியாததை இரண்டே வாரத்தில் எவனோ செய்துவிட்டான். அப்படியென்றால் நான் செய்ததெல்லாம் என்ன? வெறும் குப்பையா? பெடலை ஓங்கி மிதித்ததில் ஒரு அதிகாரியின் சட்டைக் கையை உடம்போடு சேர்த்துத் தைத்துவிட்டு, உட்கார்ந்து பிரித்தாள்.

வியாழக்கிழமை மதியங்களில் ராணுவ மருத்துவமனையின் பின்பக்க அறையில் குடும்பத்தினருக்கான கூட்டம் நடக்கும். ஆலோசகர் அம்மா மூன்று முறை போன் செய்து கூப்பிட்டார். "நானா மாத்திரை போட்டேன், நான் எதுக்குங்க வரணும்?" என்று ஊசி மூன்று முறையும் தட்டிக்கழித்தாள்.

ஒருநாள் பால்கனிக் கதவு சரியாகச் சாத்தவில்லை. அவள் துணி மடிப்பதுபோல ஜன்னலோரம் நின்றாள். ஒட்டுக்கேட்பது தப்பு என்று தெரியும். தெரிந்துதான் நின்றாள்.

"...ஜாக்கை நான்தான் அண்ணே வெச்சேன்," என்று ஸ்பானர் சொல்லிக்கொண்டிருந்தார். குரல் கரகரத்தது. "தரை ஈரமா இருந்துச்சு. அடியில பலகை போடணும்னு எனக்குத் தெரியும். ஒரு நிமிஷ சோம்பேறித்தனம். வண்டி சரிஞ்சப்போ நான் வெளிய தெறிச்சு விழுந்தேன், அவன் உள்ள மாட்டிக்கிட்டான். அவன் கால் போனதுக்கு நான்தான் காரணம். இதை நான் யார்கிட்டயும் சொன்னதில்ல."

ஊசியின் கையிலிருந்த துணி கீழே நழுவியது. அந்த விபத்தில் அவருடைய கூட்டாளிக்கு ஒரு கால் போனது அவளுக்குத் தெரியும். பெயின்டர் என்று கூப்பிடுவார்கள் அவனை. வண்டிகளுக்கு எண் எழுதுகிறவன், நல்ல பையன், இவர்கள் வீட்டில் எத்தனையோ நாள் சாப்பிட்டிருக்கிறான். ஜாக் தானாகச் சறுக்கியது என்றுதான் அவளிடம் சொல்லியிருந்தார். நாலு வருஷமாக அவர் முதுகுக்குத் தைலம் தேய்த்த கை இது. அந்த முதுகுக்குள் இவ்வளவு பெரிய பாரம் இருந்தது அவளுக்குத் தெரியாது. பிரட்காரருக்குத் தெரிகிறது.

அவருக்காக இரக்கப்பட வேண்டிய இடம் அது. அவளுக்கு இரக்கம் வரவில்லை. வயிறு எரிந்தது.

அவர் குளிக்கப் போன நேரத்தில் போனை எடுத்தாள். மகளின் பிறந்தநாள்தான் பூட்டு எண். 'அண்ணன்' என்று இருந்த பெயரைத் திறந்து, அந்த எண்ணிலிருந்து அழைப்பு வராதபடி தடுத்தாள். அந்த எண்ணின் கடைசி இரண்டு இலக்கங்களையும் மாற்றி வைத்தாள், இவர் கூப்பிட்டாலும் போய்ச் சேராதபடி. குளிர்பெட்டியில் ஒட்டியிருந்த சீட்டைக் கிழித்துப் போட மனம் வராமல் தன் தையல் பையில் செருகினாள். மொத்தமும் ஒரு நிமிஷ வேலை. தண்ணீர்ச் சத்தம் நிற்பதற்குள் முடிந்துவிட்டது.

மறுநாள் ஆறேகாலுக்கு ஸ்பானர் டம்ளரோடு பால்கனிக்குப் போனார். ஆறரைக்கு உள்ளே வந்தார். "அண்ணன் கூப்பிடல. நான் பண்ணா நம்பர் இல்லன்னு வருது."

"நம்பரை மாத்திட்டாரோ என்னவோ," என்றாள் ஊசி தோசைக்கல்லைப் பார்த்தபடி.

இரண்டாம் நாளும் போன் வரவில்லை. "வேற ஆளுங்களும் அவரைத் தேடி வருவாங்கல்ல? உங்களையே தாங்கிட்டு இருக்க முடியுமா?" என்று தானாகச் சொன்னாள். சொல்லி முடித்ததும் அவர் முகம் சுருங்கியதைப் பார்த்தாள். பார்க்காததுபோல இருந்துவிட்டாள்.

மூன்றாம் நாள் மதியம், அவள் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்திருந்த நேரம், வாசல் மணி அடித்தது. பிரட்காரர் நின்றிருந்தார். சட்டையெல்லாம் மாவு. கையில் ஒரு பிரட் பொட்டலம்.

"தம்பி போன் எடுக்கல. ஒடம்புக்கு ஒண்ணுமில்லையேம்மா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. அவர் அண்ணன் வீட்டுக்குப் போயிருக்கார். அங்க சிக்னல் கிடைக்காது."

"நல்லா இருக்காருல்ல?"

"ரொம்ப நல்லா இருக்கார்."

பிரட்காரர் பெருமூச்சு விட்டார். பொட்டலத்தை அவள் கையில் கொடுத்துவிட்டுப் படியிறங்கிப் போனார். அந்த பிரட்டை வீட்டில் வைக்க முடியுமா? எதிர்வீட்டுக்குக் கொடுத்துவிட்டாள்.

உண்மையைச் சொன்னால், அந்த நாட்களில் அவள் சந்தோஷமாகத்தான் இருந்தாள். காலையில் ஸ்பானர் பால்கனிக்குப் போகாமல் சமையல்கட்டில் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்தார். வெங்காயம் உரித்துக் கொடுத்தார். சாயங்காலம் அவள் வீட்டில் தைக்கும்போது மெஷின் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு நூல் கோத்துக் கொடுத்தார். கடைசியில் என்னிடம்தானே வந்தாக வேண்டும் என்று அவள் மனம் துள்ளியது. இப்போது சொல்வார், அந்த ஜாக் விஷயத்தை என்னிடமே சொல்வார் என்று காத்திருந்தாள். அவர் சொல்லவில்லை. பேச்சே குறைந்துகொண்டு வந்தது. நாலாம் நாள் சாயங்காலம் அவர் விரல்கள் நடுங்கி நூல் ஊசிக்காதில் நுழையவில்லை. "கண்ணு தெரியல," என்றார். அவளும் அப்படியே எடுத்துக்கொண்டாள்.

ஐந்தாம் நாள் பிற்பகல் இரண்டு மணிக்குக் கடைக்குப் போன் வந்தது. ஒர்க்ஷாப்பிலிருந்து. ஸ்பானர் பன்னிரண்டு மணிக்கே சொல்லாமல் கொள்ளாமல் வெளியே போய்விட்டாராம். போன் அணைத்திருக்கிறதாம். வீட்டில் இருக்கிறாரா?

எங்கே போயிருப்பார் என்று அவளுக்குத் தெரியும், எந்தக் கடை என்றுதான் தெரியாது. நாலு வருஷம் தனியாகத் தேடிப் பழகியவள்தான். ஆனால் இரண்டு மாதத்துக்கு மேல் விட்டிருந்த உடம்பு பழைய அளவைத் தாங்காது என்று சிகிச்சை மையத்தில் படித்துப் படித்துச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். முன்பு போட்ட எட்டு மாத்திரையை இன்று ஒரே நேரத்தில் போட்டால் மூச்சு நின்றுவிடும். தேட ஒரு வண்டி வேண்டும், விஷயம் தெரிந்த ஒரு ஆள் வேண்டும். தையல் பையைக் கவிழ்த்துக் கொட்டினாள். நூற்கண்டு, சாக்குக்கட்டி, பொத்தான்களுக்கு நடுவில் அந்தச் சீட்டு கிடந்தது.

"அண்ணே," என்றாள். அவரை அப்படிக் கூப்பிடுவது அதுதான் முதல் தடவை. "நான் ஸ்பானர் வீட்ல பேசுறேன். அவரைக் காணோம்ண்ணே."

"எங்க இருக்கீங்க, கடையிலயா? வாசல்ல நில்லுங்க. பத்து நிமிஷம்."

ஏழு நிமிஷத்தில் வேன் வந்து நின்றது. பின்னால் காலித் தட்டுகள் கடகடத்தன. இரண்டு தெரு தள்ளிப் போவதற்குள் அவள் உடைந்துவிட்டாள்.

"உங்க நம்பரை நான்தாண்ணே தடுத்து வெச்சேன். அண்ணன் வீட்டுக்குப் போனாருன்னு சொன்னதும் பொய்."

பிரட்காரர் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. கியரை மாற்றினார். காதுமடல் சிவந்தது.

"முதல்ல ஆளைக் கண்டுபிடிப்போம். கோபத்தை அப்புறம் வெச்சுக்கிறேன்," என்றார். "மருந்துக்கடைங்க எத்தனை இருக்கு இந்தப் பக்கம்?"

முதல் கடையில் பார்க்கவில்லை என்றார்கள். இரண்டாவது கடை பூட்டியிருந்தது. மூன்றாவது கடைக்காரர் பிரட்காரரைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "டாக்டர் சீட்டு இல்லாம இங்க குடுக்கிறதில்ல, பஸ் ஸ்டாண்டு பக்கம் பாருங்க," என்றார்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், டிக்கெட் கவுன்ட்டரை ஒட்டிய சிமெண்டு பெஞ்சில் ஸ்பானர் உட்கார்ந்திருந்தார். சீருடையில்தான் இருந்தார். கையில் ஒரு அட்டை. பக்கத்தில் தண்ணீர் பாட்டில். ஊசி ஓடிப்போய் அவர் முன்னால் மண்டிபோட்டு அட்டையைத்தான் முதலில் பார்த்தாள். பத்தில் மூன்று காலியாக இருந்தது.

"ரெண்டுதான்," என்றார் அவர். நாக்கு கொஞ்சம் குழறியது. "மூணாவதை உடைச்சு கையில வெச்சிருக்கேன். ஒரு மணி நேரமா."

"நம்பர் நான்தாங்க மாத்தினேன்," என்றாள் அவள். "அவர் உங்களை விட்டுப் போகல. தினம் கூப்பிட்டிருக்கார். வீட்டுக்கே வந்தார். நான்தான் திருப்பி அனுப்பிட்டேன்."

அவர் அவளைப் பார்த்தார். கத்துவார் என்று எதிர்பார்த்தாள். கத்தவில்லை. உள்ளங்கையை விரித்து, வியர்வையில் கரைந்திருந்த அந்த ஒற்றை மாத்திரையையும் அட்டையையும் நீட்டினார். அவள் கையை நீட்டினாள். அவர் அவளைத் தாண்டி பிரட்காரரின் கையில் கொடுத்தார்.

அந்த நிலைமையிலும், புருஷன் உயிரோடு கிடைத்த அந்த நிமிஷத்திலும், அவளுக்குச் சுருக்கென்றது. வெட்கக்கேடுதான். ஆனால் சுருக்கென்றது.

மருத்துவமனையில் டாக்டர் பரிசோதித்துவிட்டு ஒரு வாரம் உள்ளே இருக்கட்டும் என்றார். ஸ்பானர் தன் மேலதிகாரிக்குத் தானே போன் செய்து நடந்ததைச் சொன்னார். "நான் பேசட்டுமா?" என்று பழக்கதோஷத்தில் கையை நீட்டிய ஊசியை ஆலோசகர் அம்மா தோளில் தட்டி உட்கார வைத்தார்.

தாழ்வாரத்தில்தான் பிரட்காரர் வைத்திருந்த கோபத்தை எடுத்தார். குரலை உயர்த்தவில்லை.

"போன வருஷம் ஒருத்தன் இப்படித்தான் மூணு நாள் போன் எடுக்கல. நான் போய்ப் பார்த்தப்போ கதவை உடைக்க வேண்டியிருந்துச்சு. இந்தத் தடவை ரெண்டு ராத்திரி தூக்கமில்ல எனக்கு. உங்க வீட்டு வாசல்ல நீங்க 'ரொம்ப நல்லா இருக்கார்'னு சொன்னப்போ, கும்பிடணும்போல இருந்துச்சு. நம்பிப் போய்த் தூங்கிட்டேன்."

ஊசி தாழ்வாரத்து பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"எதுக்கும்மா இப்படிப் பண்ணீங்க?"

அவளுக்கு வேறு பொய் கைவசம் இல்லை. "உங்க மேல பொறாமை," என்றாள்.

"என் மேலயா?" தன் தொப்பையையும் மாவுச் சட்டையையும் குனிந்து பார்த்தார் மனிதர். "நான் விட்டு எழுந்திரிக்கிறதுக்குள்ள என் வீட்ல எல்லாரும் கிளம்பிப் போயாச்சு. பதினோரு வருஷமா காலையில நான் பேசுறதே இந்த மாதிரி ஆளுங்ககிட்டத்தான். நாலு வருஷம் கதவுக்கு வெளிய ஒருத்தி உட்கார்ந்திருந்தான்னு தம்பி சொல்லும்போதெல்லாம் எனக்கு எரியும்மா." மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "சாயந்தரச் சுற்று இருக்கு" என்று சொல்லிவிட்டு நடந்துவிட்டார்.

கதவுக்கு வெளியே அவள் உட்கார்ந்திருந்தது ஸ்பானருக்குத் தெரியும் என்பதே அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

அந்த வியாழக்கிழமை அவள் கூட்டத்துக்குப் போனாள். வட்டமாகப் போட்ட நாற்காலிகளில் எட்டு பேர். ஒரு சிப்பாயின் அம்மா, குடிக்கிற மனைவிக்காக வந்திருந்த ஒரு விமானப்படைக்காரர், எதிரே ஒரு பெரிய அதிகாரியின் மனைவி. சட்டைக் கையை உடம்போடு தைத்தாளே, அந்தச் சட்டை இந்த அம்மா வீட்டுச் சட்டைதான். ஊசி தரையைப் பார்த்தபடி எல்லாவற்றையும் சொன்னாள். கடைசியில், "இப்பவும் அவர் மேல பொறாமையாத்தான் இருக்கு, போகல," என்றாள்.

அதிகாரியின் மனைவி தொண்டையைச் செருமினார். "எங்க வீட்டுக்காரர் குடியை விட்டதும் ஒரு நாயை வாங்கினார். மனசுல இருக்கிறதெல்லாம் அதுகிட்டத்தான் சொல்வார். நான் ஒரு மாசம் அந்த நாய்க்குச் சோறு வைக்கல. வேலைக்காரங்கதான் வெச்சாங்க."

விமானப்படைக்காரர்தான் முதலில் சிரித்தார். பிறகு எல்லோரும் சிரித்தார்கள், அந்த அம்மா உட்பட. ஊசிக்கும் சிரிப்பு வந்தது. சிரிப்பு அழுகையில் போய் முடிந்தது. யாரும் அவளைச் சமாதானப்படுத்த அவசரப்படவில்லை.

ஸ்பானர் வீடு திரும்பி இரண்டு நாள் கழித்து, மகள் பள்ளிக்கூடம் போன பிறகு, அவள் ஒட்டுக்கேட்டதைச் சொன்னாள். "ஜாக் விஷயம் எனக்குத் தெரியும். ஜன்னல்ல நின்னு கேட்டேன். ஏங்க என்கிட்ட சொல்லல?"

அவர் டம்ளரை மேஜைமேல் வைத்தார். "அண்ணன்கிட்ட சொன்னா அவர் 'சரி, அப்புறம்?'னு கேப்பார். நீ அழுவ. நீ அழுதா நான் உன்னைத் தேத்தணும். தேத்துறதுக்கு எங்கிட்ட ஒண்ணுமே இல்லாம இருந்துச்சு."

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். அழவில்லை. "சரி, அப்புறம்?" என்றாள்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். அப்புறம் சொன்னார். பாதிதான் சொன்னார். மீதியை இன்னொரு நாள் சொல்கிறேன் என்றார். அவளும் பிடுங்கவில்லை.

ஆறேகால் போன் மறுபடி வரத் தொடங்கியது. நம்பரை அவளே சரிசெய்து கொடுத்தாள். பால்கனியில் சிரிப்பு கேட்கும்போது அவளுக்கு இன்னமும் உள்ளே ஒரு முள் அசையும். அந்த நேரத்தில் குழாயைத் திறந்துவிட்டுப் பாத்திரம் கழுவுவாள், காதில் எதுவும் விழாதபடிக்கு. வியாழக்கிழமை போய் அதையும் சொல்லிவிட்டு வருவாள்.

ஐந்து மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்பானர் காலையிலேயே சவரம் செய்துகொண்டு சட்டையை இஸ்திரி போட்டார். பெயின்டரைப் பார்க்கப் போக வேண்டும் என்றார். பஸ்ஸில் இரண்டு மணி நேரம். விபத்துக்குப் பிறகு ஒருமுறைகூட அவர் அந்தப் பக்கம் போனதில்லை.

"பிரட்கார அண்ணன் கூட வராரா?" என்று கேட்டாள் ஊசி, முடிந்த மட்டும் சாதாரணமாக.

"அவர் வரேன்னார். நான் வேணாம்னுட்டேன். நீ வாயேன்."

செருப்பு மாட்டப் போனவள் ஒரு காலில் அப்படியே நின்றாள். சந்தோஷம் பொங்கிக்கொண்டு வந்தது. இப்படிப்பட்ட காரியத்துக்குப் போகும்போது சந்தோஷப்படுகிறோமே என்று உடனே கூச்சமும் வந்தது. இரண்டையும் உள்ளே தள்ளிவிட்டுக் கதவைப் பூட்டினாள்.

பெயின்டர் குடியிருந்தது தரைத்தளத்தில். வாசலில் படிக்குப் பதிலாகச் சரிவாகச் சிமெண்டு பூசியிருந்தார்கள். உள்ளே ரேடியோ ஓடிக்கொண்டிருந்தது. ஸ்பானர் கதவுக்கு முன்னால் நின்றார், கையைத் தூக்கினார், கீழே போட்டார். மறுபடி தூக்கினார்.

"என்னால அடிக்க முடியல," என்றார்.

ஊசி அவர் கையைப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் மணியை அழுத்தினாள்.